முதியோர் குழுக்களுக்கான சமூக நிதியுதவி: ஓராண்டு அனுபவத்திலிருந்து ஒரு மதிப்பீடு

எழுபது வயதைக் கடந்து தனியாக வாழ்பவர்கள் வாரத்தில் மூன்று நாள் கூடிப் பேசவும் உடற்பயிற்சி செய்யவும் ஓர் இடம் வேண்டும் என்று தொடங்கிய எங்கள் சிறு குழு, சமூகத் திட்டங்களுக்கு நிதி வழங்கும் ஓர் அறக்கட்டளையிடமிருந்து ஓராண்டு உதவி பெற்றது. விண்ணப்பம் எழுதியதிலிருந்து கணக்கு ஒப்படைத்தது வரை அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்ததால், இதே போன்ற நிதியை நாடுகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

மனமாரப் பாராட்ட வேண்டியது அவர்களுடைய விண்ணப்பப் படிவம். முதியவர்களுக்கு என்ன வழங்கப்போகிறீர்கள் என்று கேட்காமல், இந்தத் திட்டத்தால் அவர்கள் எந்தெந்த வேலையைத் தாங்களே தொடர்ந்து செய்துகொள்ள முடியும் என்று அது கேட்டது. 2021 முதல் 2030 வரையிலான ஆண்டுகளை ஆரோக்கியமான முதுமைக்கான பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருப்பதும், நோயில்லாமல் இருப்பதைவிடத் தாம் மதிப்பவற்றைச் செய்ய முடிவதே நல்ல முதுமை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதே எண்ணத்தில்தான். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, போர்வை வழங்குவது, மருத்துவ முகாம் நடத்துவது என்று நாங்கள் போட்டிருந்த பட்டியலைக் கைவிட்டுவிட்டு, கால் வலுவுக்கும் உடல் சமநிலைக்கும் உரிய பயிற்சியை மையமாக வைத்தோம். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார் என்பதையும், வாரத்தில் மூன்று நாளாவது இத்தகைய பயிற்சி தேவை என்று 2020ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் கூறுவதையும் பார்க்கும்போது அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அறக்கட்டளையின் அலுவலர் இரண்டாவது வாரத்திலேயே நேரில் வந்து ஒரு மணி நேரம் எங்களோடு அமர்ந்திருந்தார். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து எழ முயன்ற ஒரு மூதாட்டி இரண்டு முறை பின்னால் சாய்ந்து, மூன்றாவது முறை பக்கத்திலிருந்தவரின் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்ததை அவர் கவனித்தார். விளம்பரப் பலகைக்கென ஒதுக்கியிருந்த தொகையைக் கைப்பிடி நாற்காலிகளுக்கு மாற்றிக்கொள்ள அன்றே ஒப்புதல் தந்தார். அதே மூதாட்டி எட்டு மாதங்களுக்குப் பிறகு, இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டியபடி ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தார். மகனை எதிர்பார்க்காமல் வங்கிக்கு இப்போது தாமே போய்வருகிறார்.

இவ்வளவு அக்கறையுள்ள நிதியில் போக்குவரத்துச் செலவுக்கு இடமில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நடக்கச் சிரமப்படுகிறவருக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் தேவை, ஆனால் அவரை வீட்டிலிருந்து அழைத்து வரும் செலவு விதிமுறைப்படி நிர்வாகச் செலவாகக் கருதப்பட்டு மறுக்கப்பட்டது. மழை நாட்களில் புதிய நாற்காலிகளில் பாதி காலியாகவே இருந்தன.

பணம் வழங்கும் முறையிலும் குறை உண்டு. முதல் பாதி உடனே வந்தது. மறு பாதி, ரசீதுகளைச் சமர்ப்பித்துப் பதினொரு வாரங்கள் கழித்தே வந்ததால், பயிற்சியாளரின் ஊதியத்தை நாங்கள் கைக்காசு போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

அறிக்கைப் படிவம் வந்தவர்களின் எண்ணிக்கையை மட்டுமே கேட்கிறது. மனைவி படுத்த படுக்கையானதால் வர முடியாமல் போன ஒருவரின் வீட்டுக்கு எங்கள் தன்னார்வலர் மாலைதோறும் சென்று பேசிக்கொண்டிருந்தார். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சமூக இணைப்பு ஆணையம் 2025இல் தெரிவித்த பிறகும், அந்த மாலைகளைக் குறிப்பிட அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

புதிய திட்டங்களுக்கு மட்டுமே நிதி என்ற விதியால் இரண்டாம் ஆண்டுக்கு அதே பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியாது. பயிற்சியை நிறுத்தினால் பெற்ற வலு சில மாதங்களில் குறைந்துவிடும் என்பதால், இந்த விதியை அறக்கட்டளை மாற்றியே ஆக வேண்டும் என்று எழுத்து மூலமாகவும் கேட்டிருக்கிறோம்.

வாகனமும் சிறிது கையிருப்பும் உள்ள குழுக்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். அவை இல்லாதவர்கள், போக்குவரத்துக்கு வேறு வழி செய்துகொண்ட பிறகு விண்ணப்பிப்பதும், இரண்டாம் தவணை எப்போது வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே தேதியுடன் கேட்டுப் பெறுவதும் நல்லது.