முன் ஸ்பிரிங் மாற்ற மூன்று வழிகள்: எதை வீட்டில் செய்யலாம், எதை வெளியில் விடலாம்?

சஸ்பென்ஷன் ஸ்பிரிங் உடைந்தால் பெரும்பாலும் கடைசிச் சுற்றில்தான் உடையும். ஸ்பிரிங் உட்காரும் கீழ்த்தட்டில் மண்ணும் ஈரமும் தேங்கும், பூச்சு உரசி உதிரும், அந்த இடத்தில் துரு குழி பறிக்கும், குழியிலிருந்து விரிசல் கிளம்பும். உடைந்ததை ஒட்டவைக்க வழி கிடையாது. மாற்றத்தான் வேண்டும், அதுவும் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து. வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, முன்பக்கமா பின்பக்கமா என்றுதான்.

பின்பக்கம் என்றால் பல சின்னக் கார்களில் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. காரைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி, அச்சை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் புஷ் (அசைவைத் தாங்கும் ரப்பர் வளையம்) உள்ள போல்ட்டுகளைக் கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எந்நேரமும் திருகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

முன்பக்கம் வேறு கதை. பெரும்பாலான கார்களில் அங்கே இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங், அதன் தலையில் பாடியோடு சேர்க்கும் மவுண்ட், எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நட். சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங், 100 மில்லிமீட்டர் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். 2500 நியூட்டன், அதாவது சுமார் 250 கிலோ எடைக்குச் சமமான விசை அந்த நட்டின் மேல் இருக்கும். ஸ்பிரிங்கை அழுத்திக் கட்டாமல் அந்த நட்டைத் திறந்தால் மவுண்ட் முகத்துக்குத்தான் வரும். அதனால் கீழே சொல்லும் மூன்று வழிகளையும் நான் பிரித்துப் பார்ப்பது ஒரே கேள்வியை வைத்துத்தான்: ஸ்பிரிங்கை அழுத்தும் வேலை யார் கையில், எந்தக் கருவியில் நடக்கிறது?

கொக்கி கம்ப்ரெசர் வாங்கி எல்லாமே வீட்டில்

ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இது. இரண்டு நீளத் திருகுக் கம்பிகள், ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் கொக்கி. விலை குறைவு, சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். வீட்டு மெக்கானிக்குகள் முதலில் வாங்குவதும் இதைத்தான். முறையாகச் செய்தால் வேலை நடக்கும். கம்பிகள் நேரெதிராக இருக்க வேண்டும், கொக்கிகள் முடிந்தவரை அதிகச் சுற்றுகளைப் பிடிக்க வேண்டும், மரையில் கிரீஸ் இருக்க வேண்டும், இந்தப் பக்கம் சில திருப்பு அந்தப் பக்கம் சில திருப்பு என்று மாற்றி மாற்றிக் கை ஸ்பேனரால் முறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் கூடாது. வேகமாகச் சுழலும்போது மரை சூடேறித் தேய்ந்துவிடும். ஸ்பிரிங்கின் முனைக்கு நேராக நிற்கவும் கூடாது. ஸ்பிரிங் தன் தட்டில் தளர்ந்து ஆடினால் போதும், அதற்கு மேல் அழுத்த வேண்டியதில்லை.

சங்கடம் எங்கே வருகிறது என்றால், ஒரு கம்பி முந்தினால் ஸ்பிரிங் வாழைப்பழம் போல வளையும், வளைந்ததும் கொக்கி சுற்றின் சரிவில் வழுக்கப் பார்க்கும். நடுவில் பருத்த பீப்பாய் வடிவ ஸ்பிரிங் என்றால் இன்னும் மோசம். பலர் கணக்கில் விடுவது வேறொன்று. ஒரு பக்கத்துக்கு ஒருமுறை அழுத்தினால் போதாது. பழையதை அழுத்தி எடுத்து, விடுவித்து, புதியதை அழுத்தி, பொருத்தி, மீண்டும் விடுவிக்க வேண்டும். தொய்ந்துபோன பழையதைவிடப் புதியது நீளமாக இருக்கும், எனவே இன்னும் அழுத்தக் கேட்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் நான்கு முறை அழுத்தி நான்கு முறை விடுவிப்பது. மலிவான கருவியை அத்தனை முறை நம்ப எனக்கு மனம் வராது. பூட்டு ஊசியோடு வரும், கனமான கொக்கி உள்ள செட் கையில் இருந்தால் மட்டும் இந்த வழி.

ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கொண்டுபோவது

என் ஓட்டு இதற்கு. கழற்றுவதும் மாட்டுவதும் வீட்டில், அழுத்துவது மட்டும் நிலையான பிரஸ் (ஸ்பிரிங்கை அழுத்தும் இயந்திரம்) உள்ள ஒர்க்‌ஷாப்பில். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, ஸ்டெபிலைசர் லிங்க்கை (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியோடு சேர்க்கும் தண்டு) கழற்றி, கீழ் போல்ட்டுகள் இருந்த இடத்தைக் கோடு போட்டுக்கொண்டு அவற்றைக் கழற்றி, மேலே பாடியோடு சேர்க்கும் நட்டுகளைக் கடைசியில் எடுத்தால் ஸ்ட்ரட் முழுசாக வந்துவிடும். நடு நட்டைத் தொடவே வேண்டாம். பிரஸ்ஸில் ஸ்பிரிங் மாற்றுவது கொஞ்ச நேர வேலை. கொடுப்பதற்கு முன் மவுண்ட், ஸ்பிரிங் முனை, கீழ்த்தட்டு மூன்றும் எந்தத் திசையில் நின்றன என்று பெயின்ட் குறி வைத்துவிடுங்கள், திரும்பி வரும்போது திசை மாறியிருக்காது. ஒரே தொல்லை, உங்கள் கார் ஸ்டாண்டில் நிற்கும்போது போய்வர இன்னொரு வண்டி வேண்டும்.

ரெடியாகக் கோத்த முழு ஸ்ட்ரட்

அழுத்தும் வேலையே இல்லை. பழையதைக் கழற்று, புதியதை மாட்டு, முடிந்தது. ஆனால் ஸ்பிரிங்கோடு ஷாக், மவுண்ட், பேரிங் எல்லாவற்றுக்கும் காசு கொடுக்கிறீர்கள். ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா, மேட்டில் ஏறி இறங்கிய பின்னும் கார் குதித்துக்கொண்டே இருக்கிறதா? அப்படியென்றால் இது நியாயமான செலவு. ஸ்பிரிங் காரைத் தூக்கி நிறுத்தும், குதிப்பை அடக்குவது ஷாக்தான். ஷாக் நன்றாக இருந்தால் வீண்.

இன்னொரு கவனம். ஒரே மாடலிலேயே இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி என்று எடை மாற மாற ஸ்பிரிங்கும் மாறும். ஸ்பிரிங்கின் மேல் உள்ள வண்ணப் புள்ளிகள் அதற்கான அடையாளம். பல வகைகளுக்கும் பொது என்று விற்கும் ஸ்ட்ரட்டில் உயரம் கொஞ்சம் தப்பும். வாங்கும் முன் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது.

நான்காவது வழி என்று சிலர் சொல்வதும் உண்டு. ஒரு சுற்றை வெட்டுவது, சுற்றுகளுக்கு இடையே ரப்பர் செருகுவது. வெட்டினால் வேலை செய்யும் சுற்றுகள் குறைந்து விறைப்பு கூடும், வெட்டிய முனை தட்டிலும் சரியாக உட்காராது. செருகினால் அந்தச் சுற்று அசையாமல் போய், அதன் பங்கும் பக்கத்துச் சுற்றுகளின் தலையில் விழும். ஒப்பீட்டில் சேர்க்கும் தகுதி இரண்டுக்குமே இல்லை.

முதல் இரண்டு வழிகளில் நடு நட் புதிதாகப் போட்டு, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். எந்த வழியில் போனாலும், கீழ் போல்ட்டுகளுக்குப் போட்ட கோடு வீடு வந்து சேர உதவும், வீல் அலைன்மெண்டுக்கு மாற்றாகாது. சாலையில் இறக்கும் முன் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிங் துள்ளிச் சத்தம் போட்டால், அதன் முனை தட்டின் படியில் உட்காரவில்லை, அல்லது மேல் பேரிங் தலைகீழாகப் போயிருக்கிறது.