சர்க்கரைவள்ளி: விதையா, கிழங்கா, கொடியா?

வீட்டுத் தோட்டத்தில் சர்க்கரைவள்ளி போட நினைப்பவர்கள் பலரும் கேட்பது, பூசணிக்குச் செய்வது போல இதற்கும் விடியக்காலையில் எழுந்து கையால் மகரந்தம் தடவ வேண்டுமா என்றுதான். வேண்டாம். நாம் சாப்பிடுவது காய் இல்லை, பருத்த வேர். ஒரு பூ கூடப் பூக்காமலே கிழங்கு இறங்கும். விதை வேண்டுமென்றால்தான் மகரந்தச் சேர்க்கை. அப்படியானால் செடியை எதிலிருந்து தொடங்குவது? கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்துச் செம்மண்ணில் நான் கொடி நட்டுத்தான் வளர்க்கிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் விதை. பகல் குறுகும் மாதங்களில் பூ வரும், ஏரிக்கரை நெய்வேலிக் காட்டாமணக்கின் பூவைப் போலவே இருக்கும், இரண்டும் ஒரே பேரினம்தானே. பூ விடியலில் விரிந்து உச்சிக்கு முன்பே வாடிவிடும், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை, ஒரே கொடியிலிருந்து நறுக்கி நட்ட செடிகள் எத்தனை இருந்தாலும் அவை ஒரே செடி மாதிரிதான். ஆக, வேறு ரகம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும், இருந்தாலும் சில ஜோடிகள் சேராது. முந்தின சாயங்காலமே மொட்டின் நுனியை நூலால் கட்டி வைத்து, காலையில் அவிழ்த்து, மற்ற ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில், அதாவது பூவின் பெண் பாகத்து நுனியில், தொட்டு வைத்து, திரும்பக் கட்டிவிடலாம். பிடித்தால் ஒன்றரை மாதத்துக்குள் காய் காய்ந்து, உள்ளே ஒன்றிலிருந்து நான்கு கறுப்பு விதை இருக்கும். தோல் கல் மாதிரி, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஊறப்போட்டால்தான் முளைக்கும். ஆனால் ஒவ்வொரு விதையும் புது ரகம், தாய்க்கொடியின் இனிப்பு வரும் என்று நம்ப முடியாது. விதைச்செடியைக் கிழங்கு எடுக்கும்வரை நான் வளர்த்துப் பார்த்ததில்லை, அதனால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஸ்ரீ கனகா, பூ கிருஷ்ணா மாதிரி ரகங்களைத் தந்த திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் செய்கிற வேலை அது, நமக்குச் சமையலுக்குக் கிழங்கு வேண்டும்.

அடுத்தது கிழங்கை முளைக்கவைப்பது. ஈர மணலில் பாதி புதைத்து வைத்தால் சில வாரத்தில் முளை கிளம்பும், ஒரு சாண் வளர்ந்ததும் பிய்த்து நடலாம். சுலபம்தான். ஆனால் கூன்வண்டு இருக்கிறதே, அதன் புழு கிழங்குக்குள்ளேயே குடியிருந்து வரும். சின்னச் சின்ன ஓட்டை, வெட்டினால் கசப்பு வாடை, அப்படி ஒரு கிழங்கை மண்ணில் வைத்தால் தோட்டத்துக்கு வண்டை நாமே கூட்டிவந்த மாதிரி.

கொடியில் இந்தத் தொல்லை குறைவு. வண்டு அடித்தண்டில்தான் அதிகம் முட்டையிடும், நாம் வெட்டுவது நுனி. ஒரு சாண் நீளம், நாலைந்து கணு, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நிழலில் ஓரிரு நாள் வைத்தால் கணுவில் வேர் அரும்பும். மண்ணை மேடாக அணைத்துப் பார் கட்டி, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டால் போதும். எருவும் சாம்பலும் போடுங்கள், யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலை காடாகும், கிழங்கு விரல் பருமன்தான் இருக்கும். நம் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை. புரட்டாசி தொடக்கத்தில் நட்டால் பொங்கலுக்குக் கிழங்கு தயார். நடுவில் மண் வெடிப்பு தெரிந்தால் உடனே அணைத்து மூடிவிடுங்கள், வண்டு அந்த வெடிப்பு வழியாகத்தான் கிழங்குக்கு இறங்கும்.

இந்த ஒப்பீட்டைத் தீர்மானிப்பது, என்னைக் கேட்டால், வெயில் காலம்தான். தை மாதம் கிழங்கு எடுக்கிறோம், அடுத்த நடவு ஆடியிலோ புரட்டாசியிலோ. அந்த ஆறு, எட்டு மாதம் அடுத்த நடவுக்கான பொருளை உயிரோடு வைத்திருக்க வேண்டும். கிழங்கு கெடாமல் இருக்க 13 முதல் 15 டிகிரி வேண்டும், கிருஷ்ணகிரி சித்திரை வெயிலில் எந்த வீட்டில் அது கிடைக்கும்? ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர் தாங்காமல் உள்ளே கெட்டிப்பட்டுக் கறுக்கும். வெளியே வைத்தால் சுருங்கும், முளைக்கும், வண்டு பெருகும். கொடியோ ஒரு பாத்தி போதும். கிழங்கு தோண்டுவதற்கு முன்பே நுனிகளை வெட்டி, முருங்கை நிழலிலோ மாமர நிழலிலோ, அரிசி கழுவின தண்ணீரும் காய்கறி கழுவின தண்ணீரும் போகிற இடத்தில் நட்டுவிடுகிறேன். போர் வற்றுகிற மாதங்களில் கூட அந்த அளவுத் தண்ணீர் வீட்டில் தினமும் உண்டு. இலை கருகினாலும் வேர் செத்துவிடாது, முதல் கோடை மழைக்குத் தளிர்த்துவிடும். நடவுக்கு இரண்டு மாதம் முன்பு கொஞ்சம் எரு வைத்துக் கொடியை நீளவிட்டால், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கவும் மிஞ்சும். இடைப்பட்ட நாளில் கீரையாக நுனியைக் கிள்ளிப் பொரியல் செய்யலாம், கிள்ளக் கிள்ளக் கிளைக்கும்.

ஒரு குறை உண்டு. அதே கொடியையே வருடக்கணக்காக நறுக்கி நட்டால் வைரஸ் சேர்ந்து விளைச்சல் இறங்கும். இலை சுருண்டோ தேமல் விழுந்தோ தெரிந்தால் அந்தச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறிடத்துக் கொடி வாங்குவது நல்லது.

சந்தையில் நல்ல ஆரஞ்சுக் கிழங்கு ஒன்று கிடைத்து, அதன் கொடி எங்கும் அகப்படவில்லை என்றால் மட்டும் கிழங்கு வழிக்குப் போங்கள். ஓட்டையில்லாத கிழங்காகப் பார்த்துத் தனித் தொட்டியில் முளைக்கவையுங்கள், முளை நீண்டதும் நுனியை மட்டும் வெட்டிப் பாத்திக்குக் கொண்டுபோங்கள், அந்தக் கிழங்கையும் தொட்டி மணலையும் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.