கார்டில் பணம் போனால் முதல் போன் யாருக்கு: வங்கிக்கா, 1930-க்கா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பவருக்கு நள்ளிரவில் எஸ்.எம்.எஸ். வருகிறது: கார்டில் 18,000 ரூபாய் செலவாம். அவர் செய்யவில்லை. முதலில் வங்கியை அழைப்பதா, சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழைப்பதா?

என் ஓட்டு வங்கிக்கு. கார்டை உடனே முடக்குவது அவர்கள் கையில். அதைவிட முக்கியம், நஷ்டம் யார் தலையில் என்ற கணக்கு, வங்கியிடம் எப்போது சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பே கிடையாது. 4 முதல் 7 வேலை நாள் ஆகிவிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை உங்கள் கையை விட்டுப் போகலாம். புகார் கொடுத்து 10 வேலை நாளில் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிப்பதும் வங்கியின் வேலைதான். (கிளையில் இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.)

ஆனால் ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போனது போனதுதான். அங்கேதான் 1930 கைகொடுக்கும். அது பொறுப்பைப் பார்ப்பதில்லை, பணத்தைத் துரத்துகிறது. போய்ச் சேர்ந்த கணக்கில் மிச்சம் இருந்தால் முடக்க வைக்கிறது. அதனால் தாமதம் கூடாது. வீடு கடலூர், வங்கிக் கிளை புதுச்சேரி என்று குழம்ப வேண்டாம், நாடு முழுக்க அதே எண்தான்.

வங்கி 30 நாள் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் இல்லை.