காசு மாலை சவரன்: கேரட் மெஷினும் லென்ஸ் ஐயாவும்

"மெஷின்ல 91.6 வந்துருச்சு, அப்புறம் என்ன?" எங்கள் வீட்டில் கொழுந்தன் கேட்ட கேள்வி இது. பழைய சவரன் காசு வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டிருப்பார். தங்கம் அசலா என்று பார்க்க மெஷின் தாராளமாகப் போதும். காசு அசலா என்று பார்க்க அது போதாது. மதுரையில் மெஷினிலும், லென்ஸ் வைத்துப் பார்க்கிற ஒரு பெரியவரிடமும் காட்டிவிட்டேன். இரண்டைப் பற்றியும் சொல்கிறேன். கடைப் பெயர்களைப் போடவில்லை. ஒருவர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இன்னொன்றைப் போல ஊருக்கு ஊர் இருக்கிறது.

அத்தை காலமான பிறகு அவர்களுடைய காசு மாலையைப் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது. மாலையில் கோத்தது போக, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த வளையம் இல்லாத காசுகளும் கொஞ்சம். எல்லாம் ராஜா தலை, ராணி தலை போட்ட பிரிட்டிஷ் சவரன். நாம் இன்றைக்கும் "சவரன் என்ன விலை" என்று கேட்கிறோமே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரக் காசு இதுதான். பேப்பரில் போடும் சவரன் 8 கிராம். உண்மையான காசு 7.988 கிராம், 22 கேரட், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். 1899 சட்டத்துக்குப் பிறகு ஒரு சவரன் பதினைந்து ரூபாய் என்று இந்தியாவிலேயே செல்லுபடியான பணமாகவும் இருந்தது. நம் ஊரில் இவ்வளவு காசு கழுத்தில் ஏறியதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் இருக்கிற ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனோம். எக்ஸ்ரே அடித்துச் சொல்லும் கேரட் மெஷின். காசைத் தட்டில் வைத்து மூடினால் கொஞ்ச நேரத்தில் சீட்டு வந்துவிடுகிறது. உரைகல்லில் தேய்ப்பதில்லை, ஆசிட் விடுவதில்லை, காசுக்கு ஒரு சேதமும் இல்லை. கூலியும் அதிகம் இல்லை. பையன் மரியாதையாகப் பேசினான். இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த மெஷின் மேல்தோலைத்தான் படிக்கிறது. அதுவும் கதிர் படுகிற இடத்தை மட்டும். வளையம் பற்றவைத்த காசு ஒன்றில் 88 என்று வந்ததும் நாத்தனார் முகம் வாடிவிட்டது. காசைத் திருப்பி நடுவில் படும்படி வைக்கச் சொன்னேன். 91.7. முதல் தடவை கதிர் பட்டது பற்றவைப்புப் பொடியின் மேல். பொடியில் தங்கம் குறைவாகத்தான் இருக்கும். நான் கேட்டிருக்காவிட்டால் 88 என்ற சீட்டோடு வீட்டுக்கு வந்திருப்போம். எந்த மெஷினில் காட்டினாலும் கதிர் எங்கே படுகிறது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்டுவார்கள்.

அடுத்தது, சீட்டில் முதல் வரிக்குக் கீழே இருப்பதை யாரும் படிப்பதில்லை. தங்கம் 91.6 என்றதும் மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம். கீழே செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று போட்டிருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் சவரனில் கலப்பு ஏறக்குறைய முழுக்கச் செம்பு. அந்தக் காசுக்கு இருக்கும் லேசான செம்மை அதனால்தான். எங்கள் சீட்டுகளில் ஒன்றில் மட்டும் வெள்ளி மூன்று சதவீதத்துக்கு மேல் இருந்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அது 22 கேரட், வேலை முடிந்தது.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டுதான் லென்ஸ் ஐயாவிடம் போனேன். அதே வீதியை ஒட்டிய சந்தில் ஒரு மாடி. பலகை கிடையாது. பழைய காசு வாங்கி விற்பவர், எழுபது வயதுக்கு மேல். காசைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே அவர் கேட்ட கேள்வி: "புளி போட்டுக் கழுவினீங்களாம்மா?"

நாத்தனார்தான் கழுவியிருந்தாள். அத்தை ஞாபகமாக மாலையைப் பளபளவென்று வைக்க வேண்டும் என்று புளி போட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறாள். நகைக்கு அது சரி. காசுக்கு அது கேடு. விளக்கடியில் காசைச் சாய்த்துக் காட்டினார். ராஜாவின் கழுத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் ஒரே திசையில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். தேய்க்காத காசைச் சாய்த்தால் வெளிச்சம் காசின் மேல் சுழன்று போகிறது. தேய்த்த காசில் வெளிச்சம் ஒரே இடத்தில் மொத்தமாக நிற்கிறது. ஒரு தடவை பார்த்தால் போதும், அப்புறம் கண் தானாகக் கண்டுபிடித்துவிடும்.

இனி, சீட்டில் வெள்ளி கூடுதலாகக் காட்டிய அந்தக் காசு. அதில் போட்டிருந்த வருடம் 1917. மஞ்சள் துணியில் இருந்ததிலேயே பளிச்சென்று இருந்தது இதுதான். 1960களில் யாரோ கொண்டுவந்து கொடுத்துப் பெரிய மாமா வாங்கியது என்று வீட்டில் பேச்சு. தராசில் 7.98 காட்டியது. தங்கம் 91.6. ஐயா பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, காசை விளிம்பில் பிடித்து, முதலில் பார்த்தது ராஜா தலைப் பக்கத்தை அல்ல, புனித ஜார்ஜ் குதிரை மேல் இருக்கும் மறுபக்கத்தை. வருடத்துக்குச் சற்று மேலே, குதிரைக் காலடித் தரையின் நடுவில், எந்த ஊரில் அடித்தது என்பதற்குச் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். சிட்னி என்றால் எஸ், மெல்பர்ன் என்றால் எம், பெர்த் என்றால் பி, கனடா என்றால் சி. எழுத்தே இல்லை என்றால் லண்டன். எங்கள் காசில் எழுத்து இல்லை.

"1917, லண்டன். இது மெய்யா இருந்தா நீங்க இந்த மாடிப்படி ஏறியிருக்க வேண்டாம்மா" என்றார்.

அந்த வருடம் லண்டனில் அடித்தது பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் பெரும்பகுதி போர்ச் செலவுக்காக அமெரிக்கா போய் உருகிவிட்டது என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் காரணம். மிஞ்சியது மிக அரிது. அரிது என்பதால் போலியும் அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியிலும், பெய்ரூட்டிலும் சவரனை அச்செடுத்து அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். பித்தளையில் முலாம் பூசிய வேலை கிடையாது, நல்ல தங்கத்திலேயே அடித்தது. அப்போது கட்டித் தங்கத்தைவிடச் சவரனாக இருந்தால் சந்தையில் கூடுதல் விலை. அந்த வித்தியாசம்தான் அவர்களுக்கு லாபம். அப்படிப்பட்ட காசை மெஷின் எப்படிப் போலி என்று சொல்லும்? அதன் கணக்கில் பொய்யே இல்லையே.

லென்ஸை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் தன்னுடைய நல்ல காசு ஒன்றையும் வைத்தார். ராஜாவின் மீசையும் தாடியும் அவர் காசில் இழை பிரிந்து தெரிந்தன. எங்களுடையதில் பிசைந்து வைத்தது போல் ஒன்றாகக் கிடந்தது. காசு தேய்ந்திருந்தால் மேடான இடம்தான் முதலில் வழியும்: புருவம், காது, தாடி. இதில் மேடும் பள்ளமும் ஒரே அளவு மழுங்கல். எழுத்துகளின் ஓரம் செங்குத்தாக எழாமல் தளத்தோடு சரிந்து கலந்திருந்தது. வெற்றிடத்தில் பரு மாதிரி மேலெழும்பிய சின்னப் புள்ளிகள். "அடிபட்டா பள்ளம் விழும், புள்ளி மேல எழும்புமா? அச்சுலயே ஓட்டை இருந்திருக்கு" என்றார். வருடத்துக்கு வலப்பக்கம், குதிரைப் படத்தைச் செதுக்கிய பிஸ்ட்ரூச்சியின் பி.பி. எழுத்துகள் நல்ல காசில் குண்டூசி முனையால் எழுதியது போல இருந்தன. எங்கள் காசில் அவை இரண்டு திட்டுகள். வெள்ளி மூன்று சதவீதம் என்ற சீட்டைக் கடைசியாகத்தான் நீட்டினேன். சிரித்துவிட்டுத் தலையாட்டினார்.

கொழுந்தன் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தங்க விலைக்கே தன் பங்கில் எடுத்துக்கொண்டார். ஆக, யாருக்கும் நஷ்டம் இல்லை.

சந்தோஷமான செய்தியும் ஒன்று உண்டு. வளையம் வைத்த காசுகளில் ஒன்று 1918, அந்த எழுத்து வர வேண்டிய இடத்தில் ஐ. பம்பாயில் அடித்தது. முதல் உலகப் போர் சமயம் லண்டன் நாணயச்சாலையின் கிளை ஒன்று பம்பாயில் கொஞ்ச காலம் நடந்தது. இந்திய மண்ணில் அன்று அடிக்கப்பட்ட சவரன் அந்த ஒரு வருடத் தேதியோடு மட்டும்தான், ஏறக்குறைய 13 லட்சம். மிக அரிது என்று சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிற காசு. எங்கள் துரதிர்ஷ்டம், ராஜாவின் உச்சந்தலைக்கு நேரே வளையம். ஆசாரி உறுதியாக நிற்க வேண்டும் என்று விளிம்பின் வரிக்கோடுகளைக் கொஞ்சம் அரத்தால் ராவிவிட்டுப் பொடி வைத்திருக்கிறார். கூடவே மாலையில் பக்கத்துக் காசு உரசி உரசி ராஜாவின் கன்னத்தில் வழுக்கை.

"வளையத்தை எடுத்துடலாமா?" என்று கேட்டேன். கூடாது என்றார். சூடு பட்டால் நிறம் மாறும், எடுத்த இடத்தில் வடு நிற்கும், வாங்குகிறவன் லென்ஸில் ஒரு நொடியில் கண்டுபிடிப்பான். வளையத்தோடு இருந்தாலாவது "காசு மாலைக் காசு" என்று நேர்மையாக விற்கலாம். சாதாரணத் தேதி போட்டு வளையமும் வைத்த காசுக்குத் தங்க விலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். விற்க வந்த ஆளிடம் இப்படிப் பேசும் வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவரிடம் இருப்பதைப் பார்த்து நானும் ஒரு பாக்கெட் தராசு ஆன்லைனில் வாங்கினேன். 0.01 கிராம் வரை காட்டும் சாதாரண சீனத் தராசு. இதற்கும் இரண்டு வரி: காசுக்கு இது போதும். கூட வருகிற எடைக்கல்லை வைத்து முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஃபேனை அணைக்க வேண்டும், இல்லையென்றால் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும். வளையம் இல்லாத காசு 7.93க்குக் கீழே போனால் நன்றாகத் தேய்ந்தது அல்லது சந்தேகத்துக்குரியது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலச் சட்டத்திலேயே 7.938 கிராமுக்குக் குறைந்த சவரன் செல்லாது. தராசில் ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டால் 0.45 காட்ட வேண்டும். அதே எடையில் இருக்கும் பித்தளை, செம்பு எல்லாம் இதில் ஏறக்குறைய இரட்டிப்பு காட்டி மாட்டிக்கொள்ளும். எங்கள் 1917 காசு மாட்டவில்லை. தங்கம்தானே அது!

லென்ஸ் ஐயாவின் குறைகளையும் சொல்ல வேண்டும். எழுத்தில் எதுவும் தர மாட்டார். பங்கு பிரிக்கிற வீட்டுக்கு ஒரு காகிதம் இருந்தால் சண்டை பாதி குறையும். அவர் வாய்ச்சொல்லை நான் வந்து சொன்னால் யார் நம்புகிறார்கள்? காசு பார்க்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆள் என்பது இன்னொரு சங்கடம். அதற்கு அவரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார், பார்த்த அன்றைக்கு வாங்குவதில்லை. நல்ல வழக்கம்தான். ஆனாலும் விற்பதாக இருந்தால் வேறு இரண்டு இடத்தில் விலை கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பி, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வாங்கலாமே என்று நாத்தனார் மகன் கேட்டான். நம் நாட்டில் நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள் கணக்கில் வருகிறது. 1972ஆம் வருடச் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 1918 காசு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. கூரியரில் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

யார் எங்கே போகலாம்? அடகு வைக்க, உருக்க, எடைக்கு விற்க என்றால் மெஷினே போதும், மாடி ஏற வேண்டாம். உரைகல்லில் தேய்க்கிறேன் என்று எந்தக் கடையிலாவது காசை வாங்கினால் மட்டும் உடனே திரும்ப வாங்கிவிடுங்கள். காசாகவே வைத்துக்கொள்ளவோ காசாக விற்கவோ நினைத்தால் உங்கள் ஊரில் இப்படி ஒரு லென்ஸ்காரரைத் தேடுங்கள். நல்ல காசைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறாரா, லென்ஸை உங்கள் கையில் கொடுக்கிறாரா என்று பாருங்கள். கொடுக்காதவரிடம் உட்கார வேண்டியதில்லை.

எங்கள் ஐயா பார்க்கிற கூலி காசுக்கு நூறு ரூபாய். மதியம் சாப்பாட்டுக்குப் பூட்டினால் எப்போது திறப்பார் என்று அவருக்கே தெரியாது, போனும் எடுக்க மாட்டார். காலையிலேயே போய்விடுங்கள். கழுவாமல் கொண்டுபோங்கள்.