ஒரே ஆல்பம், ஐம்பது ஆண்டு, எத்தனை பெட்டி? – "தி டார்க் சைட் ஆஃப் தி மூன்" 50ஆம் ஆண்டுப் பதிப்பு

இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் இந்த ஆல்பம் 1973 மார்ச்சில் வெளியானது. அன்று எல்பி இசைத்தட்டு வாங்கிய ரசிகர் எண்பதுகளில் அதையே சிடியாக வாங்கினார். தொண்ணூறுகளில் ரீமாஸ்டர் சிடி, 2003இல் எஸ்ஏசிடி (சிடியைவிட நுணுக்கமான, பல ஸ்பீக்கர் ஒலியும் தாங்கும் வட்டு), 2011இல் கோலிக்குண்டும் கழுத்துத் துண்டும் வைத்த பெரும் பெட்டி, 2016இல் மறுபடியும் எல்பி. 2023 மார்ச்சில் வந்த 50ஆம் ஆண்டுப் பெட்டியின் விலை அமெரிக்காவில் சுமார் 300 டாலர். இத்தனையும் ஏறக்குறைய 43 நிமிட இசைக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பழைய பதிப்பு ஏதாவது ஒன்று கையில் இருந்தால் இந்தப் பெட்டி தேவையில்லை. இதில் உண்மையிலேயே புதிதாக இருப்பது டால்பி அட்மாஸ் மிக்ஸ் ஒன்றுதான், அதாவது சுற்றிலும் தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் ஒலி. அந்த ப்ளூ-ரே 2023 அக்டோபரில் தனியாகவே வந்துவிட்டது, பெட்டி விலையில் சிறு பங்குக்கு.

காரணம் புரிய வேண்டுமானால் மிக்ஸையும் மாஸ்டரிங்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 16 தட நாடாவில் இருக்கும் கிதார், டிரம்ஸ், குரல், கடிகார ஒலி எல்லாவற்றையும் எது எங்கே, எவ்வளவு என்று சேர்த்துக் கட்டுவது மிக்ஸ். அப்படிக் கட்டி முடித்ததை எல்பிக்கோ சிடிக்கோ ஏற்றபடி அளவும் தொனியும் சரிசெய்வது மாஸ்டரிங். குழம்பு வைப்பது ஒன்று, பரிமாறும் முன் உப்புப் பார்ப்பது இன்னொன்று. அட்டையில் "ரீமாஸ்டர்" என்று மட்டும் போட்டிருந்தால் குழம்பு அதேதான். இந்த ஆல்பத்துக்கு அதிகாரபூர்வமாக வெளிவந்த முழு மிக்ஸ்கள் ஐந்து: 1973இன் ஸ்டீரியோ, ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் செய்த நான்கு ஸ்பீக்கர் குவாட், குழுவின் பிந்தைய ஒலிப் பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி 2003இல் செய்த 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), பார்சன்ஸின் 1972 முதல்கட்ட மிக்ஸ், கடைசியாக அட்மாஸ். கடையில் கிடைக்கும் மற்ற எல்லாமே இவற்றின் மறுபரிமாறல்.

இனி பெட்டிக்குள் இருப்பது. எல்பி இரண்டு, சிடி இரண்டு, ப்ளூ-ரே இரண்டு, டிவிடி ஒன்று, 7 அங்குலத் தட்டு இரண்டு, 160 பக்கப் புகைப்பட நூல், 76 பக்கப் பாடல் சுரக் குறிப்பு நூல். முதல் எல்பியும் முதல் சிடியும் கத்ரியின் 2023 ரீமாஸ்டர். இரண்டாவது ஜோடி 1974 நவம்பரில் வெம்ப்ளியில் நடந்த கச்சேரி, 2011 பெட்டியிலேயே சிடியாக வந்தது. டிவிடியிலும் முதல் ப்ளூ-ரேயிலும் உள்ள 5.1 இருபது ஆண்டுப் பழையது. இல்லாதவைதான் உறுத்துகின்றன. குவாட் மிக்ஸ் இல்லை, 1972 மிக்ஸும் இல்லை. இரண்டும் 2011 பெட்டியில் இருந்தவை. 50ஆம் ஆண்டு என்று பெயர் வைத்துவிட்டு, அந்த ஆண்டிலேயே பிறந்த குவாடை விட்டது பெரிய குறை. "டைம்" தொடக்கத்தில் அலறும் கடிகாரங்களே, குவாட் ஒலியைச் செய்து காட்டுவதற்காகப் பார்சன்ஸ் ஒரு கடிகாரக் கடையில் பதிவுசெய்து வைத்திருந்தவை. அந்தப் பாட்டின் பிறப்போடு ஒட்டிய மிக்ஸ் அது.

புகைப்பட நூலைக் குறை சொல்ல முடியாது. அச்சும் தாளும் அருமை, மேடைப் படங்களில் பல பெரிய அளவில் பார்க்கத் தக்கவை. வெம்ப்ளி எல்பியும் நல்ல தட்டு. அதையும் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

அட்மாஸ் வட்டு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கியவர்களில் பலர் அதைச் சரியாகக் கேட்பதே இல்லை. வட்டில் அட்மாஸ் டால்பி ட்ரூஎச்டி வடிவில், இழப்பில்லாமல் இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் அட்மாஸ் என்றால் அது டால்பி டிஜிட்டல் பிளஸ், அதிகபட்சம் 768 கேபிபிஎஸ், சுருக்கிய ஒலி. "ஆன் தி ரன்"னில் ஓடும் காலடிச் சத்தமும் சின்தசைசர் சுழலும் ஒன்றன் மேல் ஒன்று வரும் இடத்தில் வித்தியாசம் தெரியும். வட்டில் இரண்டும் தனித்தனி ஆளாக அறையைச் சுற்றும், ஸ்ட்ரீமிங்கில் ஓரங்கள் மழுங்கும்.

ப்ளூ-ரே பிளேயரில் ஒலி வெளியீட்டை "பிட்ஸ்ட்ரீம்" என்று வையுங்கள். "பிசிஎம்" என்று இருந்தால் பிளேயரே ஒலியைப் பிரித்துவிடும், உயர ஸ்பீக்கர்களுக்கான தகவல் வழியிலேயே போய்விடும். அடுத்து "செகண்டரி ஆடியோ" அல்லது "பிடி ஆடியோ மிக்ஸ்" என்றொரு அமைப்பு இருக்கும், அதை அணைத்து வையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் ட்ரூஎச்டி கீழிறங்கிச் சாதாரண டால்பியாகிவிடும். எச்டிஎம்ஐ கம்பியைப் பிளேயரிலிருந்து நேராக ரிசீவருக்கு, அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டிக்கு, கொண்டுபோங்கள். டிவி வழியாகச் சுற்றி வந்தால் டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலி திரும்பும் பழைய ஏஆர்சி இணைப்பில் ட்ரூஎச்டி கடக்காது, அதன் புது வடிவான இஏஆர்சி வேண்டும். ரிசீவரின் முகப்பில் "அட்மாஸ்" என்ற சொல் வருகிறதா என்று பார்ப்பதே கடைசிச் சோதனை. "மல்டி சிஎச்" என்று வந்தால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று தப்பு.

மேலே குறைந்தது இரண்டு ஸ்பீக்கர், முடிந்தால் நான்கு. சவுண்ட்பார் மட்டும் இருப்பவருக்கு இந்த வட்டின் ஸ்டீரியோ தடமே அதிகம் கொடுக்கும். பின் ஸ்பீக்கர்களை ஆர்வத்தில் இரண்டு மூன்று டெசிபெல் தூக்கி வைக்கும் பழக்கம் இந்த ஆல்பத்தைக் கெடுத்துவிடும். "அஸ் அண்ட் தெம்" பாட்டில் பின்னாலிருந்து வரும் எதிரொலி முன்குரலைவிடச் சற்றே தணிந்து வர வேண்டும். முந்திக்கொண்டு வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

5.1 வேண்டுவோர் 2003இன் எஸ்ஏசிடியைத் தேடலாம், அல்லது அனலாக் புரொடக்‌ஷன்ஸ் 2021இல் மறுபடி வெளியிட்ட அதே வட்டை. இது ஹைபிரிட் வட்டு, சாதாரண சிடி பிளேயரிலும் பாடும். சிக்கலும் அதுதான். சிடி அடுக்கு மட்டும் பாடுவதைக் கேட்டு "இதில் என்ன விசேஷம்" என்று வைத்துவிட்டவர்கள் உண்டு. 2003 வட்டின் சிடி அடுக்கு எஸ்ஏசிடி அடுக்கைவிட அழுத்தி, உரத்துச் செய்யப்பட்டது. அதைக் கேட்டு முழு வட்டையும் எடைபோடக் கூடாது. பிளேயர் மெனுவில் "எஸ்ஏசிடி", அதற்குள் "மல்டி" என்று தேர்ந்தெடுங்கள். பல ரிசீவர்கள் டிஎஸ்டி எனும் எஸ்ஏசிடி ஒலிக்குத் தாழ்ஒலிப் பங்கீடு செய்வதில்லை, அதாவது தாழ்ந்த ஒலியைப் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்புவதில்லை. "ஸ்பீக் டு மீ" இதயத் துடிப்பு மெலிந்து கேட்டால் பிளேயரிலேயே பிசிஎம் ஆக மாற்றி அனுப்புங்கள், சரியாகிவிடும். அட்மாஸுக்குப் பிட்ஸ்ட்ரீம், இதற்குப் பிசிஎம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குவாடை டிஜிட்டல் வட்டில் கேட்க வேறு வழியில்லை, 2011இன் இம்மெர்ஷன் பெட்டியைப் பழைய சந்தையில் தேட வேண்டியதுதான். அதன் ப்ளூ-ரேயில் குவாட் 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. டிவிடியில் இருப்பது சுருக்கிய டால்பி. ஆகவே ப்ளூ-ரே பெட்டியோடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். கோலிக்குண்டு ஒன்று குறைந்தால் நஷ்டமில்லை. குவாடில் நடு ஸ்பீக்கரும் இல்லை, சப்வூஃபர் தடமும் இல்லை. ரிசீவரை "டைரக்ட்" நிலையில் வைக்காவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு நடுவில் குரலை உருவாக்கிக் குழப்பும். 1972 மிக்ஸும் அதே பெட்டியில் இருக்கிறது. பாடகி கிளேர் டோரி வந்து பாடியது 1973 ஜனவரியில் என்பதால், "தி கிரேட் கிக் இன் தி ஸ்கை" அதில் அவர் குரலின்றி, குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பியானோவைச் சுற்றியே நகர்கிறது. 2008இல் ரைட் மறைந்த பிறகு அதைக் கேட்பது வேறு அனுபவம். அந்தப் பியானோ தனியாகவே எவ்வளவு தாங்குகிறது என்று அப்போதுதான் தெரிகிறது.

சிடி மட்டும் போதும் என்பவருக்கு: மாஸ்டரிங் பொறியாளர் டக் சாக்ஸும் கத்ரியும் 1992இல் செய்து, 1994இல் தனி சிடியாகப் பரவிய ரீமாஸ்டர் போதும். பழைய கடைகளில் மலிவு. 1983இன் ஜப்பான் "கருப்பு முக்கோண" சிடி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சேகரிப்பாளர்கள் கேட்கும் விலைக்கு இல்லை. இரண்டையும் ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் "நல்லது" என்று சொல்லும். ரீமாஸ்டர் விற்பனையில் பாதி இதில்தான் ஓடுகிறது.

எல்பி விஷயத்தில் தட்டைக் குறை சொல்லும் முன் ஊசியைப் பார்க்க வேண்டும். 33⅓ வேகத்தில் சுற்றும் தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது; லேபிளுக்கு அருகே 21 செ.மீ. தான். அதே ஒலி பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதப்படுகிறது. இந்த ஆல்பத்தில் முதல் பக்கம் முடிவது டோரியின் உச்சக் குரலோடு, இரண்டாம் பக்கம் முடிவது "எக்லிப்ஸ்"இன் முழுக் கூட்டு ஒலியோடு. இரண்டு பக்கத்திலும் கடினமான இடமே மிக நெருக்கமான பள்ளத்தில் விழுகிறது. குரல் கீறல் விழுந்ததுபோல் கரகரத்தால் முதலில் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) கோணத்தை அளவுகோல் அட்டை வைத்துச் சரிபாருங்கள். பிறகு ஊசி எடையைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல் பகுதிக்குக் கொண்டுவாருங்கள். குறைந்த எடை தட்டைக் காப்பாற்றும் என்பது தவறு, துள்ளும் ஊசிதான் பள்ளத்தை உடைக்கும். அப்போதும் தீராவிட்டால் உருண்டை முனை ஊசியை மாற்றி மெல்லிய முனையுள்ள எலிப்டிகல் அல்லது மைக்ரோலைன் ஊசி போடுங்கள். புதுத் தட்டு வாங்கும் காசில் பாதி மிச்சமாகலாம்.

புது எல்பிதான் வேண்டும் என்றால், கத்ரி, ஜோயல் பிளான்ட், பெர்னி கிரண்ட்மன் சேர்ந்து செய்த 2016 பதிப்பு. சுவரொட்டியும் ஸ்டிக்கரும் உண்டு. 2024இல் வந்த கண்ணாடித் தட்டுப் பதிப்பில் இரண்டு தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம்தான் இசை, மறுபக்கம் அச்சிட்ட படம். பார்க்க அழகு. கேட்பதற்காக அதை வாங்க வேண்டாம்.

இங்கிலாந்தின் முதல் அச்சைத் தேடுவோர் அட்டை எண் எஸ்எச்விஎல் 804 என்பதோடு நின்றுவிடக் கூடாது, அந்த எண் பிந்தைய அச்சுகளிலும் தொடர்ந்தது. கறுப்பு லேபிளில் முக்கோணம் முழுக்க வெளிர் நீலம் நிரம்பியிருந்தால் ஆரம்ப அச்சு. கோடு மட்டும் என்றால் பிந்தையது. லேபிளைச் சுற்றி இசை இல்லாத உள்வட்டத்தில் பொறித்த எண் இரண்டு பக்கமும் 2 என்று முடிகிறதா பாருங்கள். சுவரொட்டி இரண்டும் ஸ்டிக்கர் இரண்டும் இருக்க வேண்டும். சுவரொட்டி மூலைகளில் ஊசித் துளை இருந்தால் யாரோ ஒருவர் சுவரில் ஆசையாக ஒட்டி வைத்திருந்தார் என்று பொருள். விலை குறையும், தட்டுக்கு ஒன்றுமில்லை. அட்டையை விரித்து, நிறக்கற்றை உள்ளே இதயத் துடிப்புக் கோடாக ஓடும் மடிப்பைத் தடவிப் பாருங்கள், முதலில் கிழிவது அங்கேதான். "தி கிரேட் கிக்"கின் ஆக்கத்தில் ரைட்டோடு டோரியின் பெயரும் இருந்தால் அது 2005 வழக்குத் தீர்வுக்குப் பிறகு அச்சானது, யார் எந்த ஆண்டு சொல்லி விற்றாலும்.

வாங்கி வந்ததும் சுவரொட்டிகளை அட்டைக்குள்ளேயே வைக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். தட்டோடு சேர்த்து இறுக்கினால் அட்டையில் வட்டத் தடம் விழும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் காகித உறையை மாற்றி நெகிழி உட்பூச்சு உறை போடுவது நல்லது. ஈரம் ஏறிய காகிதத்தில் பூஞ்சை பிடித்தால், இரண்டாம் பக்கத்தின் கடைசியில் துடிப்பு மெல்ல அடங்கும் அந்தச் சில நொடிகளில் பொரிகிற சத்தம்தான் கேட்கும்.