பேரிங் மட்டுமா, முழு ஹப்பா?

பழைய எஸ்யூவியின் முன்சக்கரத்தில் வேகம் கூடக்கூட "ம்ம்ம்" என்று உறுமல் ஏறுகிறதா? வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது அது மாறினால் ஹப் பேரிங் மீதுதான் முதல் சந்தேகம் (ஹப் என்பது சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி; அதைச் சுழலவிடுவது பேரிங்). சரி, எதை மாற்றுவது?

பேரிங்கை மட்டும் மாற்றினால் உதிரிபாகச் செலவு குறைவு. ஆனால் வேலை நுணுக்கமானது. நக்கிளை, அதாவது ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகத்தைக் கழற்றி, பழையதைப் பிரஸ்ஸில் தள்ளி, புதியதை நேராக இறக்க வேண்டும். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். உள் வளையத்தை அழுத்தினால் உள்ளே குண்டுகளின் பாதையில் பள்ளம் விழும், அப்புறம் புதிய பேரிங்கே உறுமும். சுத்தியலால் அடித்து ஏற்றுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சக்கர வேகத்தை ஏபிஎஸ் சென்சாருக்குக் காட்டும் காந்த வளையம் உள்ள பேரிங்கைத் திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கும் எரியும்.

பேரிங்கும் சேர்ந்தே வரும் முழு ஹப் விலை அதிகம்; ஆனால் வேலை எளிது, பின்னாலிருந்து மூன்று நான்கு போல்ட்டுகள், அவ்வளவுதான். துரு பிடித்த ஹப் நக்கிளை விட்டு வர மறுப்பதுதான் தலைவலி. எல்லா வண்டியிலும் இந்த வசதி கிடையாது. இன்னும் பழையவற்றில் டேப்பர் ரோலர் பேரிங் (குண்டுகளுக்குப் பதில் கூம்பு வடிவ உருளைகள் கொண்டது) இருக்கும். அதில் கிரீஸ் வைத்து ஆட்டத்தைச் சரிசெய்தாலே சில சமயம் போதும்.

முழு ஹப் கிடைக்கிற வண்டிக்கு நான் அதையே போடுவேன். எதைப் போட்டாலும் ஆக்சில் நட் (ஆக்சில் முனையை ஹப்போடு இறுக்கும் நட்) புதிதாக இருக்கட்டும், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.