பம்ப்செட் சாமானுக்கு கார் டிரெய்லரா, குட்டி யானையா?

போர்வெல் மோட்டார் ஏற்றி இறக்கும் மெக்கானிக்கின் சாமான் ஒரு ரெண்டுங்கெட்டான் அளவு. முக்காலி, செயின் பிளாக், கேபிள் சுருள், கழற்றிய மோட்டார் எல்லாம் கார் டிக்கியில் அடங்காது; குட்டி யானை எனும் சின்னச் சரக்கு வண்டியில் போட்டால் பாதி இடம் காலியாகக் கிடக்கும். அதனால்தான் காருக்குப் பின்னால் சின்ன டிரெய்லர் மாட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள்.

மைலேஜ் அடிவாங்கும், சந்தேகமில்லை. 18 கொடுக்கும் கார் 14 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய்வர சுமார் 80 கிலோமீட்டர். கூடுதலாக எரிவது ஒன்றேகால் லிட்டர் சொச்சம். குட்டி யானைக்கு அந்தத் தூரத்துக்குக் கேட்கும் வாடகையோடு பார்த்தால் இது ஒன்றுமேயில்லை.

டெல்டாவில் ஏற்றம் கிடையாது என்பது டிரெய்லருக்குச் சாதகம். நின்று நின்று கிளம்புவதுதான் இங்கே எண்ணெயைக் குடிக்கும். அய்யம்பேட்டை, பாபநாசம் என்று கடைத்தெருவுக்குக் கடைத்தெரு பிரேக். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் வேறு காயும். பிரேக் மிதிக்கும்போதெல்லாம், அவ்வளவு எடையையும் ஓடவைக்கச் செலவழித்த எண்ணெய் வீண்தான். காலிச் சாலையில் விரட்டுவதும் லாபமில்லை: 60இல் போகிறவர் 80க்கு ஏற்றினால் காற்றுத் தடை ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். சுமை கார் கூரைக்கு மேலே எழும்பாமல் தார்ப்பாய் இழுத்துக் கட்டினால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

கூரை கேரியர்? பைப்புக்குச் சரி. மோட்டாரைத் தலைக்கு மேல் தூக்கி வைக்க ஆள் வேண்டும். கழற்ற மறந்தால் வெறும் கேரியரும் எண்ணெய் தின்னும்.

டிரெய்லரில் மோட்டாரை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுந்தினால் போதும். பின்பாரமானால் வால் ஆடும். டயர் காற்று குறைவாக இருந்தால் மைலேஜும் போகும், டயரும் போகும்.

ஆனால் டிரெய்லரையும் ஆர்டிஓவில் பதிவு செய்ய வேண்டும். கார் கையேட்டில் இழுவை எடை கொடுக்கவில்லை என்றால் அந்த ஆசையை விட்டுவிடலாம். மீறி இழுத்தால் கிளட்ச் தேயும்; அதை மாற்றும் செலவில் மிச்சம் பிடித்த வாடகையெல்லாம் கரைந்துவிடும். கொள்ளிடக் கரையிலிருந்து படுகைக்கு இறங்கி ஏறும் வேலைதான் அதிகம் என்றால், என் ஓட்டு குட்டி யானைக்கே. அந்தச் சறுக்கலில் டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது எல்லோருக்கும் கைவராது.